பிரார்த்தனை முடியட்டும்

"கேஸ் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோ. இன்னைக்கும் நடுவுல தீர்ந்து தொலைக்கப் போகுது!"

சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாமியார் இதைச் சொன்னாள். கையில் சாமி அறைக்குக் கொண்டுபோகும் தட்டு இருந்தது. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவள் துணியை ஒருமுறை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இருக்கு அத்தை."

"இருக்குன்னுதான் அன்னைக்கும் நினைச்சிருப்பே..."

நான்கு வருடமாக நடக்கும் பேச்சு இது. வாரத்துக்கு ஒரு தடவையாவது தலைகாட்டும். இன்று மாமனார் இறந்த நாள் என்பதால் விடிந்ததும் முதல் பேச்சாகவே வந்துவிட்டது. அந்த வீட்டில் சிலிண்டர் மாதத்துக்கு ஒன்று தீர்ந்தது. அந்தப் பேச்சு மட்டும் தீர்ந்தபாடில்லை.

வீட்டில் ஐந்து பேர். மாமியார், அவளுடைய இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். மூத்தவன் பெரியவன், அவன் மனைவி பெரியவள். இளையவன் சின்னவன், அவன் மனைவி சின்னவள். பெரியவள் என்ற பட்டம் வேலைக்கும் திட்டுக்கும் மட்டும் செல்லுபடியானது.

முன்பக்கம் குடோன், பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு நடை. ஐஸ்கிரீமும், உறைய வைத்த பட்டாணியும் சோளமும் கடைகளுக்கு அனுப்புகிற தொழில். குடோனில் ஓர் ஆள் உயரத்துக்குக் கனத்த கதவு போட்ட குளிர் அறை. வெளியே பூட்டு தொங்கும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் வீட்டு நடையில் மணி அலறும், கூடவே ஒரு சிவப்பு பல்பு எரியும்.

அந்த மணிதான் மாமியாருக்குப் பிடிக்காத சங்கதி. மூட்டை தூக்குகிறவர்கள் தோள் இடித்தே நாலைந்து தடவை பிரார்த்தனை நடுவில் அலறிவிட்டது. "சாமி காதுல இரும்பைக் காய்ச்சி ஊத்தற மாதிரி இருக்கு" என்று மாமியார் ஒரு சட்டம் போட்டாள். பிரார்த்தனை தொடங்கும் முன் மணியின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பல்புக்குத் தனி ஒயர் என்பதால் அது பாட்டுக்குக் கிடக்கும். அணைக்கிற வேலை பெரியவளுடையது.

இன்னொரு சட்டமும் இருந்தது. குடோன் பூட்டுகள் அத்தனையும் பூட்டி, சாவிக்கொத்தைக் கொண்டுவந்து சாமி தட்டில் வைத்துவிட்டுத்தான் பிரார்த்தனை. "சாவி சாமிகிட்ட இருக்கறவரைக்கும் நம்ம சொத்துக்கும் உசுருக்கும் அவர் பொறுப்பு" என்பாள் மாமியார். கதவைச் சாத்தினால் கண் திறக்கக் கூடாது, வாய் பேசக் கூடாது, யாரும் உள்ளே வரக்கூடாது. அந்த நேரம் கலையாமல் முடிந்தால் அன்று முழுவதும் குடும்பத்துக்கு ஒரு கீறல் விழாது. இது அவள் நம்பிக்கை. கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த நம்பிக்கையில்தான் கட்டி இழுத்துக் கரை சேர்த்தாள் என்பதும் பொய்யில்லை.

பெரியவளுக்கு மட்டும் அந்த அறைக்குள் இடம் கிடையாது. நான்கு வருடத்துக்கு முன் இதே நாளில் பிரார்த்தனையைக் கலைத்தவள் அவள். "அத்தை..." என்று கதவைத் திறந்தாள். பிரார்த்தனை முடிந்து அவள் வாய் திறப்பதற்குள், மாமனார் வழியில் விழுந்துவிட்டார் என்று ஒரு கடைக்காரரிடமிருந்து ஃபோன் வந்தது. "எதுக்குடி கதவைத் திறந்தே?" என்று ஆஸ்பத்திரி வாசலில் மாமியார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். பெரியவள் சொன்னாள்: "கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்ல வந்தேன் அத்தை."

ஒரு சிலிண்டருக்காகச் சாமியின் காவலை உடைத்து மாமனாரைப் பலி கொடுத்தவள்! உறவுக்காரர் அத்தனை பேரும் இதைக் கேட்டாயிற்று. 

கேஸ் தீரவே இல்லை. அன்று சரக்கு கொடுக்கப் போன மாமனார்தான் வீட்டுக்கு ஃபோன் செய்தார். "அம்மாடி, நெஞ்சு அடைக்குது... பாலத்துப் பக்கத்துல வண்டியை நிறுத்தியிருக்கேன். உங்க அத்தையைப் பயமுறுத்தாதே. பெரியவனை மட்டும் அனுப்பு." அதைச் சொல்லத்தான் கதவைத் திறந்தாள். மாமியார் கண்ணைத் திறக்காமலேயே கையை உயர்த்தினாள். "முடியட்டும்!" கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்தான். அந்தக் கைக்கு முன்னால் வாய் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு நிமிடம் வாசற்படியில் நின்றாள். கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்ற பாவத்துக்கு டாக்டர் அவளிடம்தான் சொன்னார்: "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா."

அதை அப்படியே மென்று விழுங்கிவிட்டு, கேஸ் என்று சொன்னாள். அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்கிறாள்.

"அண்ணன் எங்கே?" என்று சின்னவன் குடோனிலிருந்து சாவிக்கொத்தோடு ஓடி வந்தான்.

"அவன் வண்டியோட போயிட்டானா என்ன? இன்னைக்குப் போய்..." என்றாள் மாமியார். "சரி, நேரமாச்சு. யாருக்காகவும் கதவு காத்திருக்காது. எல்லாம் பூட்டிட்டியா?"

"பூட்டியாச்சும்மா."

பெரியவள் அப்போது பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். இந்தப் பேச்சு அவள் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது சாமி அறைக் கதவு சாத்தியிருந்தது. கணவனும் உள்ளே இருப்பான் என்று நினைத்தாள். வழக்கப்படி நடைக்குப் போய் மணியின் சுவிட்சை அணைத்தாள். இன்றைக்கு நீண்ட பிரார்த்தனை, ஒரு மணி நேரம் ஆகும். பாத்திரம் உருட்டக்கூட உரிமையில்லாத ஒரு மணி நேரம். சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, அவளும் கண்ணை மூடினாள். உள்ளே விடாவிட்டாலும் அவளுக்கும் சாமி உண்டு. 'எல்லாரையும் நல்லா வச்சிரு' என்பதற்கு மேல் அவளுக்குக் கேட்கத் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது எதிர்ச் சுவரில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

ஈரத்துக்கு அது சில நாள் தானாக எரியும். ஆனால் இது அணைந்தது. மறுபடி எரிந்தது. மூன்று தடவை. சற்று இடைவெளி. மறுபடி மூன்று தடவை. யாரோ அழுத்துகிறார்கள்! யார்? எல்லோரும் உள்ளேதானே இருக்கிறார்கள்? சாமி அறை வாசலைப் பார்த்தாள். மாமியார் செருப்பு, சின்னவன் செருப்பு, சின்னவள் செருப்பு. அவ்வளவுதான்.

பெரியவள் எழுந்தாள். குடோனுக்கு ஓடினாள். குளிர் அறைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் கனத்த கோட்டு ஆணியிலேயே தொங்கியது. ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கணவன் வெறும் சட்டையோடு போயிருக்கிறான். பூட்டு பூட்டியிருந்தது. கதவில் காதை வைத்தாள். இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது. 

"என்னங்க! என்னங்க!" கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். விரல்தான் வலித்தது. அவ்வளவு கனத்த கதவு அவள் குரலை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சாவி தட்டில் இருக்கிறது. தட்டு சாமிக்கு முன்னால் இருக்கிறது. கடிகாரத்தில் பிரார்த்தனை தொடங்கி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவள் சாமி அறை வாசலுக்கு வந்தாள். அதே கதவு, அதே நாள். கையைக் கதவில் வைத்தாள். திறந்தால் இந்த வீட்டில் இனி அவளுக்கு ஒரு மூலைகூட மிஞ்சாது. திறக்காவிட்டால்...

கதவைத் தள்ளினாள்.

"அத்தை..."

அந்தக் கை எழுந்தது. கண் மூடியபடியே, கொஞ்சமும் மாறாமல். "முடியட்டும்!"

பெரியவள் திரும்பி நடைக்கு ஓடினாள். மணியின் சுவிட்சைப் போட்டாள். வீடே அதிர அது அலறியது. மூன்று தடவை... இடைவெளி... பிறகு இரண்டு தடவை மட்டும். மூன்றாவது வரவில்லை. அவள் புயலாகத் திரும்பி வந்து தட்டில் கையை வைத்தாள். பூவும் சாவியும் சேர்ந்து கையில் வந்தன.

மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! சாமி தட்டுல கை வைக்கிறியா? ஒருத்தரைக் கொண்டுபோனது போதாதா உனக்கு?"

"விடுங்க அத்தை! உங்க பிள்ளை உள்ளே இருக்கார். குளிர் ரூம்ல! பூட்டியிருக்கு!"

"பிரார்த்தனை முடியாம..."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க!" பெரியவளின் குரல் அந்த வீடு அதுவரை கேட்டறியாத குரல். "அன்னைக்கு நின்னேன். உங்க கைக்குப் பயந்து மரம் மாதிரி நின்னேன். இன்னைக்கு நிக்க மாட்டேன்!"

கையை உதறிக்கொண்டு ஓடினாள். பின்னால் சின்னவன் வெறுங்காலோடு ஓடி வந்தான். சாவிக்கொத்தில் பதினோரு சாவி. அவசரத்தில் சரியான சாவியே இரண்டு தடவை நுழையாமல் வழுக்கியது. 'நீ உள்ளே இருக்கியோ வெளியே இருக்கியோ எனக்குத் தெரியாது, என் கூட இரு' என்று வாய்விட்டே சொன்னாள். பூட்டு திறந்தது.

பெரியவன் கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தான். ஒரு கை மட்டும் பொத்தானுக்குக் கீழே சுவரில் சாய்ந்திருந்தது. புருவத்தில் வெள்ளையாகப் பனி. உதடு நீலம். பெரியவள் அவனை இழுத்து வெளியே போட்டு, தன் உடம்பால் மூடிக்கொண்டாள்.

"நான்தான் பூட்டினேன்... நான் உள்ளே பார்க்கலை அண்ணி... அம்மா நேரமாச்சுன்னு கூப்பிட்டாங்க, நான் பார்க்காமலே..." சின்னவன் சிறுபிள்ளை போல அழுதான்.

"அப்புறம் அழலாம் தம்பி. காலைப் பிடி!"

சரக்கு வேன் ஓட்டுகிறவனுக்கு ஆமை என்று பட்டப்பெயர். மாட்டு வண்டியெல்லாம் அவனைத் தாண்டிப் போகும். அன்றைக்கு ஆமை ஓட்டிய ஓட்டத்தில் மூன்று சிக்னலில் திட்டு வாங்கினார்கள். வேனின் பின்பக்கம் மாமியார் தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். "தட்டைக் கலைச்சுட்டாளே... பாதியில நின்னுபோச்சே... இனிமே எப்படிக் காப்பாத்துவார்..."

"அம்மா! கொஞ்சம் சும்மா இரும்மா!" என்றான் சின்னவன். அந்த வீட்டில் பிறந்ததிலிருந்து அவன் அம்மாவிடம் இப்படிப் பேசியதில்லை. "பூட்டினது நான். மணியை அணைக்கச் சொன்னது நீ. அண்ணியை ஏன் இழுக்கறே?"

மாமியார் தலையில் அடிப்பதை நிறுத்தினாள். மடியில் இருந்த மகனின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "பிழைச்சுக்கிட்டார். ரெண்டு விரல்ல மட்டும் கொஞ்ச நாள் உணர்ச்சி இருக்காது. இன்னும் ஒரு பத்து நிமிஷம் போயிருந்தா என் கையில இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

பத்து நிமிஷம். பெரியவள் திரும்பினாள். பக்கத்தில் மாமியார் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டதைப் பார்த்தாள்.

உள்ளே பெரியவன் கம்பளிக்குள் சுருண்டு படுத்திருந்தான். மனைவியைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது.

"மணி அடிக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்றான் கரகரத்த குரலில். "பல்பு மட்டும்தான் எரியும். அதைப் பார்க்கற இடத்துல நீ ஒருத்திதான் இருப்பே. அவ வெளியே இருக்கணும், அவளை இன்னைக்கும் உள்ளே விட்டிருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே அழுத்தினேன்... நாலு வருஷமா உன்னை வெளியே நிறுத்தினப்ப ஒரு வார்த்தை கேட்காதவன், எனக்கு ஆபத்துன்னதும் நீ வெளியே இருக்கணும்னு வேண்டறேன் பாரு! நானெல்லாம் ஒரு மனுஷனா?"

"பேசாதீங்க. மூச்சு வாங்குது."

"பேசாம இருந்ததுதான்டி தப்பு..."

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடத்து அழுகையையும் சேர்த்து அழுதாள்.

வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் மாமியார் தனியாக உட்கார்ந்திருந்தாள். சின்னவனும் சின்னவளும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். 

"வா, உட்காரு" என்றாள். குரலில் பழைய முறுக்கு இல்லை. "சாமி பெரிய கெட்டிக்காரர்டி. இதுக்குத்தான் உன்னை வெளியே நிறுத்தி வச்சிருக்கார்... எனக்குத்தான் புரியலை."

நான்கு வருடம் கேட்டதையெல்லாம் பொறுத்தவளுக்கு இந்த ஒரு வார்த்தை பொறுக்கவில்லை. 

"சாமி நிறுத்தலை அத்தை" என்றாள் மெதுவாக. "நீங்க நிறுத்தினீங்க. உங்க கையால செஞ்சதை அவர் தலையில போடாதீங்க."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. மாமியார் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னேன்னியே... அன்னைக்கு நீ கேஸுக்காகத்தான் கதவைத் திறந்தியா?"

பெரியவள் குனிந்து முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"உன்னைத்தான் கேட்கறேன். அந்த வாரம்தான் புது சிலிண்டர் போட்டோம். துக்க வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் அதே சிலிண்டர்லதான் சமைச்சே. எனக்கு இன்னைக்குத்தான் உறைக்குது... நீ கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஃபோன் அடிச்சுதே, யார் பண்ணினது?"

பூட்டி வைத்த இடத்தை மாமியாரே தேடி வந்துவிட்டாள். இனி ஒளிக்க இடமில்லை. 

"மாமாதான்."

"என்ன சொன்னாரு?"

"நெஞ்சு அடைக்குதுன்னாரு. உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னாரு."

மாமியார் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உடம்பு முழுவதும் குலுங்கியது. அந்த வராந்தாவில் போன ஒரு நர்ஸ் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"ஏன்டி சொல்லலை? ஊரெல்லாம் உன்னைக் கொலைகாரின்னேனே... புருஷன் வீட்டு ஆளுங்க முன்னாடி, உன்னைப் பெத்தவங்க முன்னாடி... ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அதுக்கப்புறம் நீங்க சாமியே கும்பிட்டிருக்க மாட்டீங்க அத்தை. மாமா போனப்புறம் உங்களுக்கு அது ஒண்ணுதான் மிச்சம் இருந்தது. அதையும் எப்படிப் பிடுங்கறது?"

 மாமியார் பெரியவளின் கையைப் பிடித்தாள். காலையில் தானே முறுக்கியதில் அந்த மணிக்கட்டு கன்றிச் சிவந்திருந்தது. அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"பிரார்த்தனை முடியறவரைக்கும் வாசல்லயே நின்னே இல்லே? நான் அப்பவே எழுந்திருந்தா... அன்னைக்கு டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு? எதுவோ சொன்னாரு. நான் தூரத்துல இருந்து பார்த்தேன். சொல்லு. மறைக்காதே!"

அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பெரியவள் பார்த்தாள். தான் நான்கு வருடமாகப் படுத்து எழுந்திருக்கும் பயம்தான் அது. இவளுக்கு அறுபத்தெட்டு வயது. அதோடு படுத்து எழ இவளால் முடியாது.

"எப்ப கொண்டு வந்திருந்தாலும் அவ்வளவுதான்னு சொன்னாரு அத்தை. நாம ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்."

"பொய்! என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே!" மாமியார் அவள் கையை இழுத்துத் தன் நரைத்த தலைமேல் வைத்துக்கொண்டாள். "என் தலைமேல கை வச்சுச் சொல்லு. சாமி மேல சத்தியமா சொல்லு!"

பொய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று பெரியவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமிக்கு அவள் பயந்தவள்தான். மாமியாரின் தலை அவள் உள்ளங்கைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது.

'இது என் கணக்கு. இவங்களை விட்டுடு' என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு, வாயைத் திறந்தாள்.

"சாமி சத்தியமா அத்தை."

மாமியார் ஓவென்று கதறிக்கொண்டு அவள் மடியில் சாய்ந்தாள். "அம்மா... என் அம்மா..." என்று மருமகளை அழைத்து அழுதாள். பெரியவள் கையை அந்தத் தலையிலிருந்து எடுக்கவில்லை. மெல்லக் கோதிக் கொடுத்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லை அத்தை... ஒண்ணும் இல்லை..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.